ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு நிக்கிற பிள்ளைய திரும்ப அனுப்புறது எப்படி

எல்கேஜி சேர்ந்த புதுசுல ஜூன் மாசம் கேட்ட பிடிச்சு தொங்கிட்டு அழுற வாண்டுகளப் பத்தி இது இல்லைங்க. அதுங்க பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல பக்கத்து பிள்ளையோட டிபன் பாக்ஸ்ல கைய விட ஆரம்பிச்சிடும். நான் சொல்ல வர்றது நல்லா போயிட்டிருந்த பிள்ளை, ரெண்டாவதோ நாலாவதோ ஆறாவதோ படிக்கிறது, திடீர்னு ஒரு திங்கக்கிழமை காலைல வயிறு வலிக்குதுன்னு படுத்து, அடுத்த திங்களும் படுத்து, அப்புறம் செவ்வாய் புதன்னு அது பரவி கடைசியில ஷூவ பாத்தாலே அழுறது. முதல் தடவையா இதுல மாட்டிக்கிட்டு என்ன செய்றதுன்னு தெரியாம நிக்கிற அம்மா அப்பாவுக்காக எழுதுறேன். நான் சின்ன கிளாஸ் டீச்சர், கேட்டுக்கு உள்பக்கம் நிக்கிற ஆளு, அதனால ஸ்கூல் பக்கத்துல என்ன கேட்கலாம் என்ன கேட்கக்கூடாதுன்னும் சேர்த்தே சொல்றேன்.

மொதல்ல இது எதுன்னு பாருங்க

ஸ்கூல கட் அடிச்சிட்டு சுத்துற பையன் உங்களுக்குத் தெரியாம சுத்துவான். இந்தப் பிள்ளை அப்படி இல்ல, உங்க கண்ணு முன்னாடி வீட்டுலயே இருக்கும், சில பேரு உக்காந்து ஹோம்வொர்க்கூட எழுதிடுவாங்க, ஆனா வாசப்படிய தாண்ட மாட்டாங்க. வலி எந்த நேரத்துக்கு வருது எந்த நேரத்துக்கு போகுதுன்னு ஒரு வாரம் கவனிச்சாலே பாதி புரிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முகம் வாடும், ராத்திரி தூக்கம் வராது, காலைல வயித்து வலி, வாந்தி வர்ற மாதிரி, தலைவலி, பத்து தடவை பாத்ரூம். வேன் போயிடுச்சுன்னு தெரிஞ்ச அரைமணி நேரத்துல தோசை கேக்கும். சனிக்கிழமை காலைல ஒண்ணும் இருக்காது.

இதைப் பாத்துட்டு உடனே "நடிக்கிறான்"னு முடிவு கட்டுறது ரொம்ப ஈஸி, அங்கதான் நிறைய வீட்டுல விஷயம் கெட்டுப் போகுது. பயம் வந்தா உடம்புல அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடக்கும், செரிமானம் அப்படியே நின்ன மாதிரி ஆயிடும், வயிறு நிஜமாவே பிசையும். வேன் போனதும் பயம் இறங்கும், வயிறும் சரியாயிடும். ரெண்டுமே உண்மை. வலி இருக்கு, ஆனா வியாதி இல்ல.

எப்போ அதிகமா வரும்னு எங்களுக்கு ஓரளவு பழக்கம். ஒண்ணாவது சேரும்போது, அஞ்சாவது முடிஞ்சு ஆறாவதுக்கு பெரிய ஸ்கூல் மாறும்போது, தமிழ் மீடியத்துலேருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு போட்டப்போ, காலாண்டு அரையாண்டு லீவு முடிஞ்சதும், பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததும், அம்மை போட்டு ரெண்டு வாரம் வீட்டுல இருந்துட்டு வரும்போது. வீட்டுல நடக்குறதும் உண்டு, தாத்தா இறந்திருப்பாரு, அப்பா துபாய் போயிருப்பாரு, தம்பி பாப்பா பொறந்திருக்கும், இல்ல அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கும், தான் ஸ்கூல்ல இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு அந்தப் பிள்ளை வாயத் திறந்து சொல்லவே சொல்லாது.

டாக்டர்கிட்ட ஒரு தடவை, ஒரே தடவை

மலச்சிக்கல், வயித்துப் பூச்சி, ரத்தசோகை, யூரின் இன்ஃபெக்‌ஷன் இதெல்லாம் இருக்கான்னு ஒரு தடவை காமிச்சிடுங்க, கண்ணையும் காதையும் சேர்த்து பாருங்க, போர்டு தெரியாம திட்டு வாங்குற பிள்ளை ஸ்கூலுக்குப் பயப்படத்தான் செய்யும். ராத்திரி தூக்கத்துலேருந்து எழுப்புற வலி, எடை குறையுறது, மோஷன்ல ரத்தம், சனி ஞாயிறும் விடாம வர்ற வலி, இதெல்லாம் இருந்தா பயத்தோட கணக்குல எழுதாதீங்க, நல்லா பரிசோதிக்கணும். ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டா அப்புறம் ஒவ்வொரு திங்களும் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடாதீங்க, அதுவே ஒரு வழக்கமா ஆயிடும். வீட்டுல ஒரு தெர்மாமீட்டர் வச்சுக்கோங்க. 100.4 டிகிரிக்கு மேல சுரம், நிஜமா வாந்தி எடுக்குறது, பேதி, இதுக்குத்தான் லீவு, மத்ததுக்கு கிளம்பணும்னு முன்கூட்டியே சொல்லி வச்சிட்டா காலைல வாதாட வேண்டியதில்ல.

எதுக்கு பயப்படுதுன்னு கண்டுபிடிக்கிறது

இதுக்குத்தான் அதிகமா நேரம் குடுக்கணும், ஆனா பெரும்பாலானவங்க இதை காலைல எட்டு மணிக்கு வாசல்ல நின்னு கேக்குறாங்க, "ஏன்டா போகமாட்டேங்கிற, சொல்லித் தொலையேன்"னு. அந்த நேரத்துல பிள்ளைக்கே தெரியாது. ஏன்னு கேட்டா "தெரியல" இல்லைன்னா "மிஸ் திட்டுறாங்க", இந்த ரெண்டு பதில்தான் வரும். அமைதியா இருக்குற நேரமா பாத்து, முகத்துக்கு முகம் பாக்காம கேளுங்க, வண்டில பின்னாடி உக்கார வச்சு போகும்போது, பூண்டு உரிக்கும்போது, ஞாயித்துக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது. ஏன்னு கேக்காம ஒரு நாள துண்டு துண்டா கேளுங்க. வேன்ல எந்த சீட்டு, பக்கத்துல யாரு, ப்ரேயர்ல எங்க நிப்ப, முதல் பீரியட் யாரு, இன்டர்வெல்ல என்ன பண்ணுவ, சாப்பாடு யாரோட சாப்பிடுவ, பாத்ரூம் எப்போ போவ, பி.டி. பீரியட்ல என்ன விளையாட்டு. எந்த இடத்துல பேச்சு நிக்குதோ, இல்ல டக்குனு வேற விஷயத்துக்கு தாவுதோ, அங்கதான் ஏதோ இருக்கு. அங்கேயே நோண்டாதீங்க, அன்னைக்கு விட்டுட்டு ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வாங்க.

எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு, மூணாவது படிக்கிறப்போ தினமும் காலைல வயித்து வலி. அவங்க அம்மா ஸ்கேன் வரைக்கும் எடுத்துட்டாங்க. கடைசியில பாத்தா அந்தப் பிள்ளை காலைலேருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் சொட்டு தண்ணி குடிக்கிறதில்ல, வாட்டர் பாட்டில் கொண்டு வந்தபடியே திரும்பிப் போகுது. காரணம், பொண்ணுங்க பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் உடைஞ்சு போயிருந்துச்சு, ஒரு நாள் யாரோ கதவ தள்ளி எல்லாரும் சிரிச்சிருக்காங்க, அன்னையிலேருந்து பாத்ரூமே போறதில்ல, போகாம இருக்கணும்னா குடிக்கக்கூடாது, குடிக்காம அடக்கி வச்சா வலி வரும். ஒரு தாழ்ப்பாள், கூடப்போக ஒரு தோழி, அவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு. பெரியவங்க யாருக்கும் இது தோணவே இல்ல, நாங்க எல்லாரும் கணக்குப் பாடம் கஷ்டமோன்னு தேடிட்டு இருந்தோம்.

கிறிஸ்டோபர் கியர்னின்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், ஸ்கூல் மறுக்குற பிள்ளைங்கள பல வருஷமா ஆராய்ச்சி பண்றவரு, அவரு இதை நாலா பிரிக்கிறாரு. ஸ்கூல்ல இருக்குற ஏதோ ஒண்ணு மனசுக்கு ஒப்பாம அதைத் தவிர்க்கிறது. மத்தவங்க முன்னாடி பேசுறது, வாசிக்கிறது, டெஸ்ட் எழுதுறதுலேருந்து தப்பிக்கிறது. அம்மாவோ அப்பாவோ பக்கத்துல வேணும்னு இருக்கிறது. அப்புறம் வெளிய இருக்குற சுகம், அதாவது டிவி, போன், கடை. ஒரே பிள்ளைக்கு ரெண்டு மூணு கலந்தும் இருக்கும். பயத்துல ஆரம்பிச்சு பத்து நாள் வீட்டுல யூடியூப் பாத்ததுக்கப்புறம் நாலாவது காரணமும் வந்து ஒட்டிக்கும், அதனால நீங்க கண்டுபிடிச்ச முதல் காரணத்தோட நிறுத்திக்காதீங்க.

நாங்க அடிக்கடி பாக்குறது இன்னும் சிலது. டீச்சர் இந்தப் பிள்ளைய திட்டியே இருக்க மாட்டாங்க, பக்கத்துல இருக்குற பையன திட்டினதைப் பாத்தே இது நடுங்கும். இங்கிலீஷ் புக்க எழுந்து நின்னு சத்தமா வாசிக்கச் சொல்றது. பட்டப்பேர் வச்சு கூப்பிடுறது. வேன்ல பின்சீட்டு பெரிய பசங்க. ஃபீஸ் கட்டலைன்னு பேரு வாசிச்சு எழுந்து நிக்க வைக்கிறது, இது தனியார் ஸ்கூல்ல நடக்குது, பிள்ளை வீட்டுல வந்து சொல்லாது, ஏன்னா அப்பாகிட்ட காசு இல்லைன்னு அதுக்கும் தெரியும்.

பயம் வேற, ஆபத்து வேற

யாராவது அடிக்கிறாங்க, தொடக்கூடாத இடத்துல தொடுறாங்க, காசு கேட்டு மிரட்டுறாங்கன்னா அந்தப் பிள்ளைக்கு இருக்குறது தேவையான பயம். அதைப் போக்க முயற்சி பண்ணாதீங்க, ஆபத்த போக்குங்க. அந்த ஆளு அங்க இருக்குற வரைக்கும் "போய்தான் ஆகணும்"னு பேச்சே கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17வது பிரிவு பிள்ளைங்கள அடிக்கிறதையும் மனசளவுல துன்புறுத்துறதையும் தடை பண்ணுது. பாலியல் தொந்தரவுன்னா 2012 போக்சோ சட்டம், அது ஸ்கூல் பேரு கெட்டுடும்னு உள்ளுக்குள்ள பேசி முடிக்கிற விஷயம் இல்ல, ஹெச்எம் சமாதானம் பேசினாலும் விடாதீங்க. சைல்டு லைன் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம். பிள்ளைகிட்ட "நீ சொன்னது நல்லதாப் போச்சு, இனிமே நான் பாத்துக்குறேன்"னு மட்டும் சொல்லுங்க, திரும்பத் திரும்ப விசாரிச்சு சொல்ல வைக்காதீங்க.

கீழ சொல்ற மத்ததெல்லாம் இப்படி ஆபத்து இல்லாத பிள்ளைக்குத்தான்.

லீவு போட்டா ஏன் கூடுது

பாவம் இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டு போகட்டும்னு தோணும், தோணாம இருக்காது. ஆனா லீவுன்னு சொன்ன அந்த நிமிஷம் பிள்ளைக்கு ஒரு நிம்மதி வருது பாருங்க, அந்த நிம்மதிதான் பிரச்சன. போகாம இருந்தா பயம் போயிடும்னு மூளை கத்துக்குது, போய் பாத்து ஒண்ணும் ஆகலன்னு கத்துக்க வாய்ப்பே கிடைக்கல. அதோட ஒரு நாள் நோட்ஸ் விட்டுப்போச்சு, நாளைக்கு "ஏன் வரல"ன்னு நாலு பேரு கேப்பாங்க, ஃப்ரெண்டு வேற ஆளோட உக்காந்திருப்பான். இன்னைக்கு போடுற லீவு வட்டிக்கு வாங்குற கடன் மாதிரி, இப்போதைக்கு மூச்சு விடலாம், நாளைக்கு கூட சேத்து கட்டணும்.

அப்படியும் ஒரு நாள் போகவே முடியாம போச்சுன்னா வீட்டு நாள ஸ்கூல் நாளாவே வச்சிடுங்க. வழக்கமான நேரத்துக்கு எழுந்து குளிச்சு டிரஸ் மாத்தணும், பெல் அடிக்கிற நேரத்துக்கு புத்தகம், சாயங்காலம் நாலு மணி வரைக்கும் டிவி கிடையாது, போன் கிடையாது, கடைக்கு கூட்டிட்டு போறது கிடையாது, பாட்டி மடியில படுத்து கதை கேக்குறதும் நாலு மணிக்கு அப்புறம்தான். திட்டவும் வேண்டாம், தண்டனை மாதிரி மூஞ்ச தூக்கி வச்சுக்கவும் வேண்டாம். போரடிக்கணும், அவ்வளவுதான்.

கிளாஸ் டீச்சர்கிட்ட பேசுறது

காலைல எட்டு அம்பதுக்கு கேட்டுல வந்து பேசாதீங்க ப்ளீஸ். அந்த நேரத்துல எங்களுக்கு நாப்பது பிள்ளை, மூணு பேருக்கு மூக்கு ஒழுகும், ரெண்டு பேருக்கு பெல்ட் காணாம போயிருக்கும். சாயங்காலம் பிள்ளைங்க போனதும் வாங்க, இல்ல டைரில ரெண்டு வரி எழுதி நேரம் கேளுங்க. பிள்ளைய பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு அதைப் பத்தி பேசாதீங்க. "என் பிள்ளைய யாரோ ஏதோ பண்ணிட்டாங்க"ன்னு ஆரம்பிச்சா எந்த டீச்சரா இருந்தாலும் தற்காத்துக்கத்தான் பாப்பாங்க. "ரெண்டு வாரமா காலைல இப்படி ஆகுது, கிளாஸ்ல எப்படி இருக்கான், நீங்க ஏதாவது கவனிச்சீங்களா"ன்னு கேட்டா நாங்க யோசிக்க ஆரம்பிப்போம்.

கேக்குறத சின்னதா, செய்யக்கூடியதா கேளுங்க. காலைல கேட்டுல யாராவது ஒருத்தர், ஆயம்மாவா இருந்தாலும் சரி, கைய பிடிச்சு உள்ள கூட்டிட்டு போகணும். திரும்பி வர்ற அன்னைக்கு கிளாஸ் முன்னாடி "என்ன ராஜா, இப்பதான் வழி தெரிஞ்சுதா"ன்னு கேக்கக்கூடாது, இது விளையாட்டுக்கு சொல்றதுதான், ஆனா அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கு முழுக்க அது காதுலயே இருக்கும். பாத்ரூமுக்கு கைய மட்டும் தூக்கினா விட்டுடணும். பிடிச்ச தோழன் பக்கத்துல ஒரு சீட்டு. வந்ததும் செய்றதுக்கு ஒரு வேலை, சாக்பீஸ் எடுத்துட்டு வர்றது, போர்டுல தேதி எழுதுறது, நோட்டு அடுக்கி வைக்கிறது. இந்த கடைசி விஷயம் சின்னதா தெரியும் ஆனா நல்லா வேலை செய்யும், உள்ள நுழைஞ்ச முதல் அஞ்சு நிமிஷம் கைக்கு வேலை இருந்தா அழுகை பாதி மறந்துடும். விட்டுப்போன நோட்ஸ் எல்லாத்தையும் ஒரே ராத்திரில எழுத வைக்க வேண்டாம், எது முக்கியமோ அதை மட்டும் குறிச்சுக் குடுங்கன்னு கேளுங்க, நாங்க குடுப்போம்.

டீச்சரேதான் பிரச்சனன்னா ஹெச்எம்கிட்ட போங்க, ஒரு லெட்டரா எழுதி தேதி போட்டு குடுங்க, காப்பி ஒண்ணு வச்சுக்கோங்க. அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல உங்களை மாதிரி பெத்தவங்கதான் அதிகமா இருக்காங்க. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையோட உதவி எண் 14417. ஸ்கூல் மாத்துறது கடைசி வழி. காரணம் தெரியாம மாத்தினா பயமும் கூடவே புது ஸ்கூலுக்கு டிசி வாங்கிட்டு வந்துடும், காரணம் அந்த ஸ்கூல்தான்னு உறுதியா தெரிஞ்சா தயங்காம மாத்துங்க.

படிப்படியா உள்ள அனுப்புறது

ரெண்டு மூணு நாள்தான் போகலன்னா படியெல்லாம் வேண்டாம், நாளைக்கே முழு நாள் அனுப்பிடுங்க, அதுதான் ஈஸி. ரெண்டு வாரம், ஒரு மாசம்னு ஆயிடுச்சுன்னா ஒரேயடியா முழு நாள் உள்ள தள்ளினா மறுநாள் இன்னும் கெட்டியா நிக்கும். அப்போதான் படி தேவை, அதை டீச்சரும் நீங்களும் பிள்ளையும் சேர்ந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க.

ஒரு மாதிரிக்கு இப்படி வச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை ஸ்கூல் வாசல் வரைக்கும் நடந்து போயிட்டு வர்றது. மறுநாள் யூனிஃபார்ம் போட்டு, எல்லாரும் போனதுக்கப்புறம் நாலு மணிக்கு கிளாஸுக்குள்ள போய் தன்னோட பெஞ்சுல உக்காந்து மிஸ்கிட்ட ஒரு ஹலோ. அடுத்து பிடிச்ச பீரியட் ஒண்ணு மட்டும், டிராயிங்கோ பி.டி.யோ. அப்புறம் சாப்பாட்டு நேரம் வரைக்கும். அப்புறம் முழு நாள். ஒரு படி போரடிக்கிற அளவுக்கு பழகினதும் அடுத்த படி, அது ஒரு நாள்லயும் வரலாம் ஒரு வாரமும் ஆகலாம். சில பிள்ளைக்கு காலைல நுழையுறதுதான் மலை, மதியத்துக்கு மேல ஒண்ணும் இல்ல, அதுக்கு தலைகீழா பண்ணுங்க, மதியம் ரெண்டு பீரியட்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகர்த்துங்க.

இதுல ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பு. ஒரு பீரியட்னு பேசியிருந்தா ஒரு பீரியட். பாதில அழுதா கூட்டிட்டு வராதீங்க, நல்லா இருக்கான்னு ரெண்டாவது பீரியடுக்கு இழுக்கவும் செய்யாதீங்க. அழுது வெளிய வந்தா அழுகைக்கு பலன் இருக்குன்னு ஆயிடும், சொன்னதுக்கு மேல உக்கார வச்சா உங்க பேச்சுல நம்பிக்கை போயிடும். ரெண்டாவது தப்புதான் படிச்ச வீடுங்கள்ல அதிகமா நடக்குது.

பரிசு குடுக்கலாமான்னு கேப்பாங்க. சின்னதா குடுங்க, அன்னைக்கே குடுங்க, போனதுக்கு குடுங்க, அழாம போனதுக்கு இல்ல. சாயங்காலம் பார்க்ல கூடுதலா அரைமணி நேரம், ராத்திரி சாப்பாட்டுக்கு அது கேக்குற அயிட்டம், அந்த அளவு போதும். சைக்கிள் வாங்கித் தரேன்னு ஆரம்பிச்சா ஆகஸ்ட்ல பைக் கேக்கும்.

காலைல அந்த ஒண்ணரை மணி நேரம்

காலை சண்டைல பாதி ராத்திரியே ஜெயிக்கிறது. பை அடுக்கி, யூனிஃபார்ம் எடுத்து வச்சு, சாக்ஸ் ரெண்டும் ஒரே ஜோடியான்னு பாத்து, போன வாங்கி வச்சு, நேரத்துக்கு படுக்க வச்சிடுங்க. காலைல அவசரமா எழுப்புனா ஏற்கனவே படபடன்னு இருக்குற பிள்ளைக்கு இன்னும் ஏறும், கால் மணி நேரம் முன்னாடியே எழுப்புங்க.

சாப்பாடு உள்ள போகலன்னா திணிக்காதீங்க, அரை இட்லி, பால், ஒரு வாழைப்பழம் போதும், மிச்சத்த டப்பால போட்டு குடுங்க. அரசு தொடக்கப்பள்ளின்னா 2022ல ஆரம்பிச்ச முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் இருக்கு, ஒண்ணாவதுலேருந்து அஞ்சாவது வரைக்கும் அங்கேயே உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ கிடைக்கும். வீட்டுல வாந்தி வருதுன்னு சொல்ற பிள்ளை அங்க நாலு பேரோட வரிசையா உக்காந்து தட்ட காலி பண்றத நான் தினமும் பாக்குறேன். அதுக்காக சீக்கிரம் போறதால கூட்டமும் சத்தமும் வர்றதுக்கு முன்னாடியே உள்ள போயிடுது, அது ஒரு வசதி.

பேச்சு குறைவா இருக்கட்டும். வயிறு வலிக்குதும்மான்னா, "தெரியும்டா கண்ணு, பயத்துல வயிறு பிசையுது, கொஞ்ச நேரத்துல சரியாயிடும், ஷூவ மாட்டு." போகமாட்டேன்னா, "கஷ்டமாத்தான் இருக்கும், இன்னைக்கு லஞ்ச் வரைக்கும்தானே பேசினோம், பன்னெண்டரைக்கு நான் கேட்டுல நிப்பேன்." திரும்பத் திரும்ப கேட்டா திரும்பத் திரும்ப அதே வரி, அதே குரல். புதுசா விளக்கம் சொன்னா புதுசா வாதம் வரும். வாக்கு குடுத்த நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே போய் நின்னுடுங்க, லேட்டானா அடுத்த நாள் காலைல அதுக்கான பில் வரும்.

சொல்லக்கூடாத சிலது இருக்கு, எல்லார் வீட்டுலயும் வாயில வர்றதுதான். போலீஸ் மாமாகிட்ட பிடிச்சு குடுத்துடுவேன். ஹாஸ்டல்ல போட்டுடுவேன். மிஸ்கிட்ட சொல்லி முட்டி போட வைக்கிறேன். பக்கத்து வீட்டு யாழினி எப்படி சமத்தா போறா பாரு. நீ போகலன்னா அம்மா எங்கயாவது போயிடுவேன், இந்தக் கடைசி ஒண்ணு ரொம்ப மோசம், அம்மாவ பிரிய பயந்துதான் பாதி பிள்ளை போகாமலே இருக்கு. இன்னைக்கு மட்டும் போ நாளைக்கு வேண்டாம்னும் சொல்லாதீங்க, நாளைக்கு அது நியாயமா ஞாபகப்படுத்தும்.

மூச்சு பயிற்சி ஒண்ணு, முந்தின நாள் சாயங்காலமே விளையாட்டா பழகிக்கணும், காலைல அழும்போது புதுசா சொல்லிக் குடுத்தா ஏறாது. மூக்கால நாலு எண்ணி இழுத்து, வாயால ஆறு எண்ணி மெதுவா விடுறது. வெளிய விடுறது நீளமா இருக்கணும், அதுதான் படபடப்ப குறைக்கும். அஞ்சாறு தடவை போதும்.

கொண்டு போய் விடுறது யார்கிட்ட பிள்ளை குறைவா அழுமோ அவங்களா இருக்கட்டும், பல வீட்டுல அது அப்பாவோ சித்தப்பாவோ மாமாவோதான், அம்மா இதுக்கு வருத்தப்பட வேண்டாம். கேட்டுல டாட்டா சொல்றது சுருக்கமா, ஒரே தடவை. ஏமாத்தி கண்ணுக்கு மறைஞ்சு ஓடிடாதீங்க, அடுத்த நாள் கைய விடவே விடாது. அதே சமயம் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு நிக்கவும் வேண்டாம், நீங்க நிக்கிற வரைக்கும் அது அழும், நீங்க தெருமுனை திரும்பின அஞ்சாவது நிமிஷம் பென்சில் சீவ எழுந்து போகும். நம்பலன்னா டீச்சர ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. தரதரன்னு இழுத்துட்டு வந்து அடிச்சு உள்ள தள்றதும் பாக்குறோம், அன்னைக்கு உள்ள வந்துடும், ஆனா அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல்னா இனிமே அந்த அடியும் சேர்த்துத்தான் ஞாபகம் வரும்.

வீட்டுல பெரியவங்க

பாட்டி "பிள்ள எதையோ பாத்து பயந்திருக்கு, மந்திரிச்சிட்டு வாங்க"ன்னு சொல்லுவாங்க. போயிட்டு வாங்க, தர்காவோ கோயிலோ சர்ச்சோ, விபூதியோ வேப்பிலையோ, பிள்ளைக்கு ஒரு தைரியம் வந்தா எனக்கு அதுல ஒரு எதிர்ப்பும் இல்ல. ஸ்கூல் நேரத்துல போகாதீங்க, அதை முடிச்சிட்டோம்னு டீச்சர்கிட்ட பேசுறத விட்டுடாதீங்க, அவ்வளவுதான் நான் கேக்குறது. பெரிய சிக்கல் வேற. அம்மா போகணும்னு சொல்றப்போ தாத்தா "ஒரு நாள் போகலன்னா கலெக்டர் வேலை போயிடப் போகுதா"ன்னு சொல்றாரு பாருங்க, அங்கதான் எல்லாம் உடையும். பிள்ளை தூங்கினதுக்கப்புறம் எல்லாரும் உக்காந்து என்ன சொல்லப்போறோம்னு ஒரு வரில முடிவு பண்ணிக்கோங்க. சொந்தக்காரங்க வந்து "இவன்தான் ஸ்கூலுக்குப் போகாதவனா"ன்னு கேட்டா நீங்களே பேச்ச மாத்திடுங்க.

எப்போ வெளி ஆள் வேணும்

ரெண்டு வாரத்துக்கு மேல இதெல்லாம் பண்ணியும் உள்ள நுழைய முடியல, மூச்சு முட்டுற அளவுக்கு பயம் வருது, தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போச்சு, விளையாட்டுலகூட ஆசை இல்லன்னா காத்திருக்காதீங்க. "செத்துப் போயிடலாம்னு இருக்கு"ன்னு எந்த வயசுப் பிள்ளை சொன்னாலும், கோவத்துல சொன்னாலும், அன்னைக்கே பேசணும், தனியா விடக்கூடாது. டெலி மானஸ் 14416, மத்திய அரசு 2022ல ஆரம்பிச்ச இலவச மனநல எண், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிங்கள்ல மனநலப் பிரிவு இருக்கு, சென்னைல எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கு. மனநல டாக்டர்னதும் மாத்திரை போட்டு தூங்க வச்சிடுவாங்கன்னு ஒரு பயம் இருக்கு, பிள்ளைங்களுக்கு இதுல முதல் வைத்தியம் பேச்சும் பயிற்சியும்தான், நான் மேல சொன்ன படி முறைய அவங்க உங்க பிள்ளைக்குன்னு அளவெடுத்து போட்டுக் குடுப்பாங்க.

இன்னொண்ணு தனியா கவனிங்க. பேச்சுல கெட்டிக்காரன், கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லுவான், ஆனா எழுத்துக் கூட்டி வாசிக்க வராது, போர்ட பாத்து எழுதினா பாதி எழுத்து காணோம்னா அது சோம்பேறித்தனம் இல்ல, டிஸ்லெக்சியாவா இருக்கலாம், அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு வாசிப்பு பீரியடும் தண்டனைதான். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் மாதிரி இடங்கள்ல பரிசோதிக்கலாம். சர்டிஃபிகேட் இருந்தா பத்தாவது பன்னெண்டாவது பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுற ஆளு போன்ற சலுகைகள் உண்டு, அதனால சின்ன வயசுலயே பாத்துடுறது நல்லது.

சரியானதுக்கு அப்புறம்

ஒழுங்கா போக ஆரம்பிச்ச பிள்ளைக்கு ஒரு நாள் திரும்ப வயிறு வலிக்கும், வலிக்காம இருக்காது. எல்லாம் வீணாப்போச்சுன்னு தலையில கைய வைக்காதீங்க, அன்னைக்கும் அனுப்பிடுங்க, முடியலன்னா ஒரே ஒரு படி கீழ இறங்கி மறுபடி ஏறுங்க, அடியிலேருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல. அதிகமா இது வர்றது லீவுக்கு அப்புறம்தான், அது எப்போ முடியுதுன்னு காலண்டர்லயே இருக்கு, அதனால முன்னாடியே தயாராகலாம். கடைசி மூணு நாள் படுக்குற நேரத்தையும் எழுந்திரிக்கிற நேரத்தையும் ஸ்கூல் கணக்குக்கு கொண்டு வாங்க, ஊர்லேருந்து ஞாயித்துக்கிழமை நடுராத்திரி பஸ்ல வந்து இறங்காதீங்க, சனிக்கிழமையே வந்துடுங்க, பிடிச்ச ஃப்ரெண்டு ஒருத்தன ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு கூப்பிடுங்க, டீச்சருக்கு ஒரு மெசேஜ் போட்டு வைங்க. அந்த முதல் திங்கக்கிழமை எங்களுக்கும் தூக்கக் கலக்கம்தான், பத்து நிமிஷம் லேட்டா வந்தா யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல, கூட்டிட்டு வந்துடுங்க.